நடுக்கம் நின்றுபோன அறை

மலைப்பனி உருகி ஓடத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, குனிஹிகோ தெராமே, தன் வீட்டு ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் பாட்டுக் கேட்டார். மத்தியானம் வேலை முடிந்து அவர் மனைவி யசுயோ வந்தபோது, மூன்று நாள் முன்பு வாங்கி வைத்த கணவாய் மீன் வீடு முழுக்க நாறிக்கொண்டிருந்தது.

"யாருங்க இதைப் பிடுங்கினது?"

"நான்தான். ரெக்கார்ட் போட்டா அடியில ஒரு நடுக்கம் வருது. ஃப்ரிட்ஜாலயோன்னு பார்த்தேன்."

"நின்னுச்சா?"

"இல்ல."

"அப்ப திரும்பச் சொருகணும்னு தோணலையா?"

"செல்லோ ஆரம்பிச்சிருச்சு, அப்படியே உக்காந்துட்டேன்."

"பாவம், கடல்ல ஒரு தடவை செத்தது பத்தாதுன்னு இங்க வந்து இன்னொரு தடவை செத்திருக்கு" என்று சொல்லி யசுயோ மூக்கைப் பொத்திக்கொண்டு மீனைக் குப்பைப் பையில் கட்டினாள்.

குனிஹிகோ அலுமினிய ஜன்னல் செய்யும் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் கட்டட மேஸ்திரிகளோடு குடித்துச் சிரித்து ஆர்டர் பிடித்த மனிதர். ஓய்வுக்குப் பிறகு வீட்டின் பின்னறையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். இரண்டு பெரிய ஸ்பீக்கர், பழைய ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், சுவர் நிறைய இசைத்தட்டுகள். ஜப்பானின் கடலோர ஊர் ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் குன்றுச்சரிவில், முன்பு படிப்படியாக நெல்வயலாக இருந்த இடத்தில் போட்ட குடியிருப்பு அது. பின்னறை ஜன்னலைத் திறந்தால் சரிவும் மூங்கிலும்தான். கார் சத்தம்கூட எட்டாது. பாட்டுக் கேட்க அதைவிட நல்ல அறை அந்த ஊரில் இல்லை என்று அவருக்குப் பெருமை.

அந்த அறையில்தான் நடுக்கம் வந்தது. பாட்டு ஓங்கி ஒலிக்கும்போது தெரியாது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், ஊசி வெறும் கோட்டில் ஓடும்போது, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மெல்லத் துடிக்கும். தூங்கும் நாயின் வயிறு போல. அதோடு ஒரு சத்தம், சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, காதைவிட நெஞ்சில்தான் அதிகம் தெரிந்தது.

யசுயோவுக்கு அது கேட்கவில்லை. "எனக்குக் கேக்கறதெல்லாம் கிச்சன் கதவு கீச்சுங்கிறதுதான்" என்றாள். சமையலறைத் தரைப் பலகைகள் உப்பிப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டன. அதைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதற்கென்று இருவரும் காசு சேர்த்து வைத்திருந்தார்கள். சூப்பர் மார்க்கெட்டின் பலகாரப் பிரிவில் நின்று, அவள் பொரித்தெடுத்த உருளைக்கிழங்கு வடைகளில் வந்த காசும் அதில் உண்டு.

குனிஹிகோ முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தார். பிளேயருக்கு அடியில் வைக்க ரப்பர் பாதங்கள். அதற்குப் பிறகு கூர்முனை வைத்த பித்தளைப் பாதங்கள். அதற்கும் பிறகு மணல் நிரப்பிய பெட்டி. ஒவ்வொன்றையும் ரயில் நிலையத் தெருவில் கடை வைத்திருந்த இபுகியிடம் வாங்கினார். இபுகி ஏமாற்றுக்காரன் இல்லை, அதுதான் ஆபத்து. தான் விற்கும் ஒவ்வொரு சாமானையும் அவன் மனதார நம்பினான். "சார், நான் விக்கிறது சாமான் இல்ல, அமைதி" என்று அவன் சொல்லும்போது கண் கலங்கியிருக்கும்.

கோடை வருவதற்குள், பிளேயருக்கு அடியில் போடக் கல்லறைக்கல் வெட்டுகிறவரிடம் சொல்லி ஒரு கருங்கல் பலகையும் வந்தது. நான்கு பேர் மூச்சுத் திணறத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

யசுயோ வாசலில் நின்று அதைத் தடவிப் பார்த்தாள். "நல்லா மெருகேத்தியிருக்காங்க. பேரை மட்டும் இப்பவே செதுக்கிடுவோமா, இல்ல நீங்க போன பிறகா?"

"கிண்டல் பண்ணாதே" என்றவர், கல்லின் மேல் பிளேயரை வைத்துப் பாட்டைப் போட்டார். "கேட்டுப் பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு."

"நடுக்கம்?"

நடுக்கம் இருந்தது.

அவருடைய பழைய சிநேகிதர் நுகாதா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவரும் பாட்டுப் பைத்தியம்தான், ஆனால் ஒரே செட்டை மாற்றாமல் கேட்கிறவர். மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, கையில் பீச் பழங்களோடு வந்தவர், கல்லையும் மணலையும் பித்தளையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"குனி, ஒரு பந்தயம். நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. நான் இந்தப் பித்தளைக் காலை எடுப்பேன், வைப்பேன். எப்ப இருக்கு, எப்ப இல்லைன்னு சொல்லு பாப்போம்."

"ஒரு குழந்தைகூடச் சொல்லிடும்டா."

யசுயோ ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து நடுவில் கட்டினாள். நுகாதா பின்னால் போய்க் கடகடவென்று ஏதோ செய்தார். அதே பாட்டு மறுபடி மறுபடி ஓடியது. "இப்ப இருக்கு. செல்லோ முன்னால வந்து நிக்குது பாரு" என்றார் குனிஹிகோ. அடுத்த முறை, "எடுத்துட்ட. எல்லாம் சேறு மாதிரி ஆயிருச்சு." அடுத்த முறை, "ஆஹா, வச்சுட்ட." வில் நரம்பில் படும் இடம், வாசிக்கிறவனின் மூச்சு என்று ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு விவரித்தார்.

விரிப்பை விலக்கியபோது நுகாதாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. பித்தளைப் பாதங்கள் எல்லாம் அவர் சட்டைப் பையில் இருந்தன.

"முதல்லயே எடுத்துட்டேன்டா. அதுக்கப்புறம் ஒண்ணையும் தொடவே இல்ல. சும்மா டம்ளரை உருட்டிக்கிட்டிருந்தேன்."

குனிஹிகோவின் காது மடல்கள் சூடேறின. தான் கேட்டதெல்லாம் எங்கே இருந்து வந்தது? அந்த மூச்சு, அந்தச் சேறு? கேட்டது பொய்யில்லை என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியும். ஆனால் கேட்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதும் கண்முன்னால் பையில் கிடந்தது.

"அப்ப அந்த நடுக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுவும் இப்படித்தான்" என்று நுகாதா அவர் மண்டையை விரலால் தட்டினார். "இங்கதான் நடுங்குது."

யசுயோ சிரிக்கவில்லை. பீச் பழத்தைத் தோல் சீவி அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவே இல்லை.

அன்றிலிருந்து நடுக்கத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. அது போகவும் இல்லை. தினமும் அறைக்குப் போவார், ஊசியை வைப்பார், கூம்பு துடிப்பதைப் பார்ப்பார், பார்ப்பது நிஜம்தானா என்று தன்னையே கேட்டுக்கொள்வார். இருக்கிற ஒன்றைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள், சொல்லாமல் இருந்தால் தூக்கம் வராது. கடைசியில் இபுகியிடம்தான் போனார். அங்கே மட்டும்தான் அவர் சொன்னதை மறுகேள்வி இல்லாமல் நம்பினார்கள்.

இபுகி ஒரு புத்தகத்தைத் திறந்து படம் காட்டினான். காற்றில் மிதக்கும் மேடை. நான்கு காலிலும் காற்றுப்பை, அதற்குள் ஒரு குட்டிப் பம்ப். தரை எப்படி ஆடினாலும் மேல்தட்டு அசையாது, தானாகவே மட்டம் பார்த்துக்கொள்ளும். ஆராய்ச்சிக் கூடங்களில் நுண்ணோக்கி வைக்கிற சங்கதி. விலை ஒரு சின்னக் கார்.

அந்தக் காசு எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. யசுயோவிடம் கேட்காமல் எடுக்கவில்லை, கேட்டார். அவள் வெகுநேரம் சமையலறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது வந்தா நீங்க தூங்குவீங்களா?"

"தூங்குவேன்."

"தூக்கம் வராட்டி இன்னொண்ணு, அதுக்கப்புறம் இன்னொண்ணு?"

"இதுதான் கடைசி."

"உங்க சந்தோஷத்துக்கு நான் குறுக்க நின்னேன்னு பேர் வேண்டாம்" என்றாள். அது சம்மதமா சாபமா என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயலவும் இல்லை.

இலையுதிர்காலம் வந்து, பெர்சிமன் பழங்கள் மரத்தில் சிவந்து தொங்கிய நாளில் மேடை வந்து இறங்கியது. இபுகியே வந்து பொருத்தினான். கருங்கல்லைத் தோட்டத்தில் தள்ளிவிட்டு, மேடையைத் தரையில் நிறுத்தி, மேலே பிளேயரை வைத்தார்கள். பம்ப் உஸ் என்று ஊதி அடங்கியது. ஊசி கோட்டில் இறங்கியது.

நடுக்கம் இல்லை.

குனிஹிகோ ஸ்பீக்கர் அருகே மண்டியிட்டுக் கூம்பைப் பார்த்தார். அசையாமல் கிடந்தது. ஒலியைக் கூட்டிப் பார்த்தார். இல்லை. மாதக்கணக்காக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பாரம் துடைத்து எடுத்தது போலப் போய்விட்டது. இபுகி கண்ணைத் துடைத்துக்கொண்டான். குனிஹிகோ வெட்கப்படாமல் அழுதார். நுகாதாவை வரவழைத்தார். அவர்கூட நீண்ட நேரம் கேட்டுவிட்டு, "நான் தோத்துட்டேன்டா. ஏதோ ஒண்ணு மாறித்தான் இருக்கு. உன் வீடே மூச்சு விடாத மாதிரி இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். அந்த மழைக்காலத்து அவமானம் அன்றோடு ஆறியது. குனிஹிகோ குழந்தை போலத் தூங்கினார்.

முதல் பனி விழுந்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் கரைந்து ஓடியது. அதற்குப் பிறகுதான் பம்ப் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. முதலில் எப்போதாவது உஸ் என்றது, போகப் போகப் பாட்டுக்கு நடுவிலும் உஸ் என்றது. எப்போதும் மூங்கில் பக்கத்து மூலையில் இருக்கிற கால்தான். காற்றுப்பை ஓட்டையாகியிருக்க வேண்டும். குனிஹிகோ கோபமாகப் போன் செய்தார். இபுகி மறுநாள் மத்தியானமே கருவிப் பையோடு ஓடி வந்தான்.

"போட்டுக் காட்டுங்க சார், கேக்கறேன்."

குனிஹிகோ செல்லோ ரெக்கார்டைப் போட்டார். இபுகி தரையில் படுத்து அந்தக் காலைப் பார்த்தான். சோப்பு நீரைத் தடவிப் பார்த்தான். குமிழி வரவில்லை. மற்ற கால்களையும் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடி படுத்தான். எழுந்தபோது அவன் முகத்தில் வியாபாரம் இல்லை.

"சார், ஓட்டை இல்ல. இந்தக் கால் மத்த மூணையும்விட ஒரு விரல் அகலம் மேல எழும்பியிருக்கு."

"எதுக்கு எழும்பணும்?"

"மேல்தட்டு மட்டமா இருக்கணும்ல, அதுக்கு."

இபுகி பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேடை மேல் வைத்தான். குமிழி நட்டநடுவில் நின்றது. அதையே எடுத்துத் தரையில் வைத்தான். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

தினமும் அந்தத் தரையில்தான் குனிஹிகோ உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது உடம்புக்குத் தெரியவே இல்லை. மேடை மட்டும் ஒவ்வொரு நாளும் உஸ் உஸ் என்று அதை ஈடுகட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

"யசுயோ!"

அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் திரும்பிப் போய், சமையலறைத் தரையில் இருந்த மூடியைத் தூக்கினாள். அதன் அடியில் பிளம் ஊறுகாய் ஜாடிகள் வைக்கும் தொட்டி. ஜாடிகளை எடுத்து, தொட்டியையும் கழற்றி எடுத்தால் வீட்டுக்கு அடியில் உள்ள மண் தெரியும். அவள் அவற்றை எடுத்ததுமே குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடித்தது. கிணற்று வாசம். இபுகி போன் விளக்கைப் போட்டுத் தலையை உள்ளே விட்டான்.

"மண் எங்கக்கா?" என்றான்.

"என்னப்பா கேள்வி இது, அடியிலதான் இருக்கும்."

"இங்க இருக்கு. அந்தப் பக்கம் இல்ல."

குனிஹிகோ அவனை நகர்த்திவிட்டுப் பார்த்தார். சமையலறைக்கு அடியில் மண் இருந்தது. பின்னறைப் பக்கம் போகப் போக அது சரிந்து, சட்டென்று முடிந்தது. அதற்கப்பால் விளக்கு வெளிச்சம் எதிலும் படவில்லை. அறையைத் தாங்க வேண்டிய கான்கிரீட் அடித்தளம் அந்தரத்தில் நின்றது, அதில் சிமெண்டுத் துண்டு ஒன்று கம்பியில் ஊசலாடிக்கொண்டிருந்தது. வெகு கீழே, எங்கேயோ, தண்ணீர் ஓடியது. அதற்கு மேலே, அவர் தலைக்குப் பக்கத்தில், செல்லோ ஒலித்துக்கொண்டிருந்தது.

அவர் அந்த இருட்டையே பார்த்தபடி குனிந்து கிடந்தார். யசுயோதான் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கேஸை மூடினாள், செருப்பில்லாமலே வெளியே தள்ளிக்கொண்டு போனாள். இபுகி பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டே ஓடினான்.

தெருவில் நின்று திரும்பிப் பார்த்தபோது வீடு எப்போதும் போலவே இருந்தது. துவைத்த துணி கொடியில் காய்ந்தது. திறந்த ஜன்னல் வழியே பாட்டு வந்தது. ஊசியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கணம் குனிஹிகோவுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. எதையோ தப்பாகப் பார்த்துவிட்டு ஊரையே கூட்டிவிட்டோமோ என்று.

அப்போது கூரை ஓடு ஒன்று வழுக்கி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பின்புறச் சுவர் ஒரு விரல் அகலம் கீழிறங்கி நின்றது. ஜன்னல் கண்ணாடி பட்டென்று வெடித்தது. அவ்வளவு நடந்தும் பாட்டில் ஒரு கீறல் விழவில்லை. அறை சாய்ந்தது, சுவர் பிளந்தது, அலமாரி கவிழ்ந்து இசைத்தட்டுகள் கொட்டும் ஓசை வந்தது, அதற்குள்ளே அந்தச் செல்லோ ஒரு பிசிறும் இல்லாமல், ஒரு நடுக்கமும் இல்லாமல், நீண்ட ஒரு சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. தன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அவர் அதைக் கேட்டதில்லை.

அவர் அறியாமலே ஒரு அடி முன்னால் வைத்தார். யசுயோ ஸ்வெட்டர் கழுத்தைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள்.

"இன்னொரு அடி வச்சீங்க, நானே கொண்டுபோய்த் தள்ளிடுவேன்."

பின்னறை போயிற்று. இடிந்து விழவில்லை, இறங்கிப் போயிற்று. மூங்கில்களும் அதோடு போயின. பாட்டு ஒரு சுரத்தின் நடுவில் நின்றது. புழுதி எழுந்தது. அந்த இடத்தில் இப்போது தூரத்துக் கடல் தெரிந்தது. முப்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தும், தெருவிலிருந்து அவர்கள் கடலைப் பார்த்ததில்லை.

யாருக்கும் அடிபடவில்லை. குடியிருப்பு முழுவதையும் காலி செய்து, எல்லாரையும் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வைத்தார்கள். நிலத்தைச் சோதிக்க வந்த பெண் இஞ்சினியர், சேறு அப்பிய பூட்ஸோடு வந்து குனிஹிகோவின் எதிரில் உட்கார்ந்தாள். வயலாக இருந்த காலத்து வாய்க்காலைக் குழாயில் அடைத்துப் புதைத்து, அதன் மேல்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். கட்டிய கம்பெனி என்றோ மூடிப்போய்விட்டது. குழாய் உடைந்து, தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது.

"முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா சார்? விரிசல், சத்தம், எதாவது?"

"நடுக்கம்" என்றார் குனிஹிகோ. "வசந்தத்துல இருந்து ஒரு நடுக்கம் இருந்துச்சு. யாரும் நம்பல. அப்புறம் நானும் நம்பல."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "அது நிஜம்தான் சார். தண்ணி மண்ணை முட்டிட்டுப் போகும்போது அப்படி அதிரும். எப்ப நின்னுச்சு?"

"மேடை வாங்கின அன்னைக்கு. அந்த மேடைதான் நிறுத்துச்சு."

"இருக்கலாம்" என்றாள் அவள் தயங்கி. "ஆனா அதுக்குள்ள அடியில மண்ணே இல்லாமப் போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு. அதிர்வைத் தரைக்குக் கொண்டுவர அங்க எதுவும் மிச்சம் இருந்திருக்காது. இனிமே அதைச் சோதிச்சுப் பார்க்க முடியாது."

இஞ்சினியர் எழுந்து போனாள். செய்தி கேட்டு ஓடி வந்திருந்த நுகாதா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான்தான்டா உன் காதை நீயே நம்பாம பண்ணினேன்" என்றார்.

"அந்தப் பித்தளைக் கால் விஷயத்துல நீ சொன்னதுதான் சரி. அதுல நான் கேட்டது எதுவும் நிஜமில்ல." குனிஹிகோ உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லாததை அவ்வளவு தெளிவாக் கேட்டேன். இருந்தது கேட்டப்ப, அதுவும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இபுகி மெல்ல வாயைத் திறந்தான். "இருந்தாலும் சார், அந்த மேடை இல்லேன்னா தரை சாஞ்சது தெரிஞ்சிருக்காது. நீங்களும் அக்காவும் நானும் இப்ப இங்க உக்காந்திருக்க மாட்டோம். குடுத்த காசுக்கு…"

"இபுகி" என்றாள் யசுயோ. குரலை உயர்த்தவில்லை. "அந்தக் காசுல கிச்சன் போட்டிருந்தா, ஆசாரி முதல் நாளே தரையைப் பேத்துப் பார்த்திருப்பான்."

அவள் சொன்னது உண்மைதான். மேடை காப்பாற்றியது என்பதற்கும் மறுப்பு இல்லை. குனிஹிகோவுக்கு மண்டபத்துத் தரையே ஆடுவது போல இருந்தது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஊரின் தாழ்வான பகுதியில், அடுக்குமாடி வீடு ஒன்றில் இரண்டாவது மாடியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. குளிர்காலம் முடியும்வரை அவர் பாட்டே கேட்கவில்லை. பேச்சு நின்று அமைதி வந்தால் அவருக்கு உடம்பு வேர்க்கும். யசுயோ பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள், டிவியை அணைக்காமல் விட்டாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் இபுகி வந்தான். கடையில் கிடந்த ஒரு சின்ன செட்டும், இரண்டு குட்டி ஸ்பீக்கரும், ஒரு ரெக்கார்டும் கொண்டுவந்து, பணப் பேச்சே எடுக்காமல் மேஜை மேல் வைத்து வயரைப் பொருத்தினான். பழக்கதோஷத்தில் பையிலிருந்து நாலு ரப்பர் பாதங்களை எடுத்தான். யசுயோ பார்த்த பார்வையில் அப்படியே திரும்ப உள்ளே போட்டான். வீடு போன பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

அவன் போன பிறகு குனிஹிகோ ஒரு பாட்டைப் போட்டார். ஓசை மெலிந்து, சன்னமாகத்தான் வந்தது. பரவாயில்லை என்று நினைத்தார். பாட்டு தணிந்து தணிந்து ஒரு இடைவெளிக்கு வந்தது. எதுவும் கேட்கவில்லை. அவர் விரல்கள் மேஜை விளிம்பை இறுகப் பற்றின. யசுயோ எங்கே? திரும்பிப் பார்த்தார், சமையலறையில் ஆள் இல்லை.

வாசல் கதவு திறந்தது. மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு அவள் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்றாள். "கீழ் வீட்டுல ஆளு இருக்காங்க. புருஷன் பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. வெங்காயம் வதக்கிட்டிருக்காங்க. அதுக்கும் கீழ ஒரு தையல்காரம்மா. அதுக்குக் கீழ மண்ணு. காலால மிதிச்சே பார்த்துட்டேன்."

குனிஹிகோ மேஜையிலிருந்து கையை எடுத்தார். அடுத்த பகுதி தொடங்கியது.